ஒரே வெட்டா, மாதம் ஐம்பது காசா? மானியத்தைக் குறைக்கும் இரு வழிகள்

2013 ஜனவரியில், டீசல் விலையை மாதந்தோறும் லிட்டருக்கு ஐம்பது காசு வரை உயர்த்திக்கொள்ள எண்ணெய் நிறுவனங்களுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அப்போது நாமக்கல்லில் லாரி வைத்திருந்த எங்களுக்குள் இரண்டு கருத்துகள் இருந்தன. எதிர்த்து வண்டிகளை நிறுத்த வேண்டும் என்றார்கள் பலர். இதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்றவர்களில் நானும் ஒருவன். அன்று எடுத்த அந்த நிலைப்பாட்டைப் பின்னர் வந்த அனுபவங்களோடு வைத்துப் பார்த்தே இதை எழுதுகிறேன். மானியத்தைக் குறைப்பது அவசியமா என்ற விவாதத்திற்குள் நான் போகவில்லை. 2012-13 ஆம் ஆண்டில் டீசல், சமையல் எரிவாயு, மண்ணெண்ணெய் ஆகியவற்றை அடக்க விலைக்குக் கீழே விற்றதால் ஏற்பட்ட இடைவெளி ஏறத்தாழ 1.61 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல் டீசலுக்கே போனது. குறைத்தாக வேண்டும் என்றான பிறகு, எப்படிக் குறைத்தால் அது நிற்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

முதல் வழி, ஒரே நாளில் பெரிய அளவில் வெட்டுவது. 2012 செப்டம்பரில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறியது. அதே அறிவிப்பில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆறு சிலிண்டர்களுக்கு மட்டுமே மானியம் என்றும் சொல்லப்பட்டது. ஒரு வாரத்துக்குள் திரிணாமுல் காங்கிரஸ் கட்சி, மத்தியில் ஆண்ட காங்கிரஸ் கூட்டணியை விட்டு வெளியேறியது. நாடு தழுவிய கடையடைப்பும் நடந்தது. லாரித் தொழிலில் அந்த ஐந்து ரூபாய் எப்படி விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நாமக்கல்லிலிருந்து மும்பைக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். லோடு ஏற்றிய வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினால் ஒரு நடைக்கு 300 லிட்டர் டீசல் வேண்டும். வாடகை பேசி, அட்வான்ஸ் வாங்கி, வண்டி கிளம்பிய பிறகு ஐந்து ரூபாய் ஏறினால் அந்த நடையில் 1,500 ரூபாய் எங்கள் கையை விட்டுப் போகிறது. சரக்கு அனுப்பியவரிடம் போய் அதைக் கேட்க முடியாது. மாதம் ஐம்பது காசு என்றால் அதே நடைக்குக் கூடுவது 150 ரூபாய். அடுத்த மாதமும் ஏறும் என்பது முன்கூட்டியே தெரிவதால் புதிய வாடகை பேசும்போதே அதைச் சேர்த்துப் பேசிவிடலாம். ஆண்டு ஒப்பந்தம் போடும் கம்பெனிகளிடம் டீசல் விலைக்கேற்ப வாடகையை மாற்றும் ஷரத்தைக் கேட்டு வாங்கவும் அது வழி செய்தது.

மாதாமாத உயர்வின் மற்ற நன்மைகள் யாருக்கும் எளிதில் புரிபவை: வலி குறைவு, தலைப்புச் செய்தி சிறிது, கூட்டணிக் கட்சிகளுக்கும் கோபப்பட ஒரு நாள் கிடைப்பதில்லை. என் கணிப்பில் இவை எல்லாம் இரண்டாம் பட்சம். ஒரு மானியக் குறைப்பை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அடுத்த தேர்தலுக்குப் பிறகும் அது நிற்கிறதா? திரும்பப் பெறப்பட்டுவிட்டால் மிச்சமாவது எதுவுமில்லை. அதனால் வந்த கெட்ட பெயர் மட்டும் தங்கிவிடுகிறது. அதைவிட மோசமாக, அந்தச் செலவின் மீது கை வைக்கவே கூடாது என்ற பாடத்தை அடுத்து வரும் ஆட்சியாளர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த அளவுகோலில் ஒரே வெட்டு தோற்றதற்குத் தமிழ்நாட்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, 2001-இல் அமைந்த ஜெயலலிதா அரசு பல சலுகைகளை அடுத்தடுத்து வெட்டியது. அரசு ஊழியர்களின் பலன்கள் குறைக்கப்பட்டன. 2003 ஜூலையில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது சுமார் 1.7 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரம் நிறுத்தப்பட்டது. மாத வருமானம் ஐந்தாயிரத்துக்கு மேல் உள்ளவர்களின் ரேஷன் அட்டைகளில், சலுகை விலைப் பொருள்கள் கிடையாது என்பதைக் காட்டும் ‘எச்’ முத்திரை விழுந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் 39 தொகுதிகளையும் தி.மு.க. அணி வென்றது. அதே மே மாதத்தில், அதே முதலமைச்சரே இலவச மின்சாரத்தைத் திருப்பித் தந்தார், ‘எச்’ முத்திரையை நீக்கினார், ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிட்டார். உறுதியில் குறை சொல்ல முடியாத ஒரு தலைவராலேயே அந்த வெட்டுகளைக் காப்பாற்ற முடியவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிலிண்டர் வரம்புக்கும் இதே கதிதான்: 2013 ஜனவரியில் ஆறு ஒன்பதாயிற்று, தேர்தல் ஆண்டான 2014-இன் தொடக்கத்தில் ஒன்பது பன்னிரண்டாயிற்று.

இதற்கு நேர்மாறாக, மாதம் ஐம்பது காசு ஆட்சி மாற்றத்தையே கடந்து நின்றது. அதைத் தொடங்கிய காங்கிரஸ் கூட்டணி 2014-இல் படுதோல்வி அடைந்தது. ஆனால், வென்று வந்தவர்கள் அதை ரத்து செய்யவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மாதாந்திர உயர்வு தொடர்ந்தது. அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே நீக்கப்பட்டது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்கள் எதிர்க்காமல் இல்லை. ஆனால் திருப்பித் தருவதாக வாக்குறுதி அளிக்க, மக்கள் நினைவில் நிற்கும் ஒற்றை நாளோ ஒற்றைத் தொகையோ அங்கே இல்லை. ஒன்றரை ஆண்டுகளில் சிறிது சிறிதாக ஏறிய விலைக்கு வாடகை, காய்கறி விலை, பஸ் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே தம்மைச் சரிசெய்துகொண்டிருந்தன.

2013 ஜனவரி உத்தரவுக்குள்ளேயே இரண்டு வழிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன என்பது பலருக்கு நினைவிருக்காது. பெட்ரோல் பங்கில் டீசல் போடுபவர்களுக்கு மாதம் ஐம்பது காசு. போக்குவரத்துக் கழகங்கள், ரயில்வே போன்ற மொத்தக் கொள்முதலாளர்களுக்கு உடனடியாக முழுச் சந்தை விலை. விளைவு என்ன? தமிழ்நாட்டின் அரசு பஸ்கள் தங்கள் டெப்போவில் டீசல் போடுவதை நிறுத்திவிட்டுத் தனியார் பங்குகளில் வரிசையில் நின்றன. முழு வெட்டு விழுந்த இடத்தில் உடனே ஒரு மாற்று வழி கண்டுபிடிக்கப்பட்டது. சிறிய வெட்டு விழுந்த இடத்தில் வழி தேடும் அவசியமே எழவில்லை.

வேறு இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, இருப்பவர்களைத் தொடாமல் இனி வருபவர்களுக்கு மட்டும் நிறுத்துவது. 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குக் கொண்டுவரப்பட்ட பங்களிப்பு ஓய்வூதியம் (ஊழியரின் சம்பளத்திலிருந்தும் ஒரு பகுதி பிடிக்கப்படுவது) அப்படிப்பட்டது. அதே காலத்து மற்ற வெட்டுகள் ஓராண்டில் மறைந்துபோக, இது இருபது ஆண்டுகளுக்கு மேல் தாங்கியது. ஆனால் புதியவர்கள் எண்ணிக்கையில் பெருகியதும் கேள்வி திரும்பி வந்தது: ராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் உட்படச் சில மாநிலங்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குத் திரும்பின. மற்றொன்று, அறிவிக்காமலே நிறுத்துவது. 2020 மே மாதத்துக்குப் பிறகு சாதாரண சமையல் எரிவாயு இணைப்புகளுக்கு மானியம் வருவது நடைமுறையில் நின்றுபோனது. அது நிலைத்து நின்றது உண்மைதான். ஆனாலும் மக்களிடம் சொல்லாமல் செய்த ஒன்றை நான் முன்மாதிரியாக வைக்க மாட்டேன். ஐம்பது காசு முறையில் எவ்வளவு, எப்போது என்பது வெளிப்படையாக இருந்தது. அந்த வேறுபாடு எனக்குப் பெரியது.

ஐம்பது காசு தானாகவே வெற்றி பெற்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொடங்கியபோது லிட்டருக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் இருந்த இடைவெளி, 2013-இல் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது குறைவதற்குப் பதில் கூடியது. 2014-இன் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை விழாமல் இருந்திருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ தெரியாது. அதிர்ஷ்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. விலை விழுந்த பிறகு 2016 தொடக்கம் வரை கலால் வரி பல முறை உயர்த்தப்பட்டதால் அந்தப் பயன் எங்களுக்கு முழுதாக வந்து சேரவில்லை. சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கியது வரி வசூலுக்கும் வசதியாகிவிடுகிறது என்ற குறையை நான் மறுக்க மாட்டேன்.

சிறிய தொகை என்றாலே எதிர்ப்பு வராது என்றும் நான் சொல்லவில்லை. 1970-இல் திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில், மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டுப் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். கூடிய செலவை அடுத்தவரிடம் நகர்த்த லாரிக்காரனுக்கு வாடகை இருக்கிறது. விளைபொருளின் விலையைத் தானே நிர்ணயிக்க முடியாத விவசாயிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே டீசலில் நான் கண்டது பம்ப்செட் மின்சாரத்துக்குப் பொருந்துமா என்பதில் எனக்கு அனுபவமும் இல்லை, உறுதியும் இல்லை.

வீட்டு மின்சாரத்தில் ஓரளவு பார்க்க முடிகிறது. எட்டு ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த கட்டணத்தை 2022 செப்டம்பரில் ஒரே வீச்சில் கூட்டிய தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக்கேற்ப, அதிகபட்சம் ஆறு சதவீதம் வரை உயரும்படி விதி வகுத்தது. கிட்டத்தட்ட ஐம்பது காசு முறைதான். ஆனால் 2023-இலும் 2025-இலும் வீடுகளுக்கான உயர்வை மாநில அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. 2024-இல் மட்டும் 4.83 சதவீத உயர்வு வீடுகளுக்கும் வந்தது. மக்களவைத் தேர்தலும் விக்கிரவாண்டி இடைத்தேர்தலும் முடிந்த பிறகு, ஜூலை நடுவில், முதல் தேதியிலிருந்தே அமல் என்று அது அறிவிக்கப்பட்டது.