ஊஞ்சல் கயிற்றில் சீப்புப் பல்: ரீமக்ஸ் செய்த வீடியோக்களோடு ஆறு வருடம்

மினிடிவி (சிறிய டிஜிட்டல் வீடியோ நாடா) கேசட்டுகள், டிவிடிகள், ஏவிசிஎச்டி கேமராவின் எம்டிஎஸ் கோப்புகள், தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்தவை என்று குடும்பத்தில் சேர்ந்து கிடந்த எல்லாவற்றையும் ஆறு வருடமாக எம்கேவிக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். எல்லாமே ரீமக்ஸ்தான். படத்தையும் ஒலியையும் மறுபடி என்கோட் செய்யாமல், இருந்தபடியே எடுத்து வேறு கன்டெய்னரில், அதாவது இரண்டையும் சேர்த்து வைக்கும் கோப்பு உறையில், வைப்பது. எம்கேவி அப்படி ஓர் உறை. வேலைக்கு எம்கேவிடூல்நிக்ஸும் எஃப்எஃப்எம்பெக்கும், சரிபார்க்க மீடியாஇன்ஃபோ, பார்க்க விஎல்சியும் எம்பிவியும். இந்த ஆறு வருடத்தில் என் இரவுகளை அதிகம் பறித்தது இன்டர்லேஸ் கோடுகள்தான். அதே பிரச்சினையோடு மல்லாடுகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் கண்ணில் பட்டது ஒரு டிவிடி. குழந்தை ஊஞ்சல் ஆடுகிறது. டிவிடி பிளேயரையும் பழைய குழாய்த் தொலைக்காட்சியையும் இணைத்துப் பார்த்தபோது படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதையே எம்கேவி ஆக்கிக் கணினியில் போட்டால், ஊஞ்சல் கயிறு இரண்டு பக்கமும் சீப்புப் பல் போல் பிளந்து நிற்கிறது. ரீமக்ஸ் கெடுத்துவிட்டது என்று முடிவு கட்டி, மூன்று முறை வேறு வேறு மென்பொருளில் திரும்பச் செய்தேன். மூன்று முறையும் அதே சீப்பு.

அப்போது எனக்குப் புரியாதிருந்தது இதுதான். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறைப் படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 576 வரிகள். அவை ஒரே நொடிப்பொழுதில் எடுத்தவை அல்ல. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள் ஒரு ஃபீல்டு, மிச்சம் 288 வரிகள் 20 மில்லிநொடி கழித்து எடுத்த அடுத்த ஃபீல்டு. இப்படி இரண்டு ஃபீல்டாக எடுப்பதுதான் இன்டர்லேஸ்; முழு ஃபிரேமையும் ஒரே நேரத்தில் எடுப்பது புரோகிரசிவ். அந்த 20 மில்லிநொடியில் ஊஞ்சல் நகர்ந்துவிடுகிறது. குழாய்த் தொலைக்காட்சி ஃபீல்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் அங்கே சீப்பு இல்லை. கணினித் திரை இரண்டையும் பின்னி ஒரே ஃபிரேமாகக் காட்டுகிறது. ஆக, அந்தக் கோடுகள் முதல் நாளிலிருந்தே கோப்பில் இருந்தவை. ரீமக்ஸ் அவற்றை உண்டாக்கவும் இல்லை, அதனால் அவற்றைப் போக்கவும் முடியாது.

இதை நம்பாதவர்கள் நானே செய்த சோதனையைச் செய்து பாருங்கள். எஃப்எஃப்எம்பெக்கில் ஃபிரேம்எம்டி5 என்று ஒரு வெளியீட்டு வடிவம் உண்டு. ஒவ்வொரு ஃபிரேமையும் டிகோட் செய்து அதற்கு ஒரு கைரேகை எண் எழுதித் தரும். மூலக் கோப்புக்கு ஒன்று, ரீமக்ஸ் செய்த கோப்புக்கு ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். நேரக் குறியீடு வரும் பத்தி மாறியிருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கைரேகை வரும் கடைசிப் பத்தி ஒத்துப்போனால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை என்று பொருள். எனக்கு ஒத்துப்போனது. அந்த நாளிலிருந்து படத்தைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டு அதன் மேல் ஒட்டிய சீட்டைப் பார்க்கப் பழகினேன்.

இரண்டு இடத்தில் சீட்டு உண்டு. டிவிடியில் உள்ள எம்பெக்2 வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமும் தான் புரோகிரசிவா, எந்த ஃபீல்டு முதலில் என்று தன்னிடமே எழுதி வைத்திருக்கும். அதற்கு மேல் கன்டெய்னரும் தனியாக எழுதி வைக்கும். எம்கேவியில் இன்டர்லேஸ் குறி 0 என்றால் தெரியாது, 1 என்றால் இன்டர்லேஸ், 2 என்றால் புரோகிரசிவ். ஃபீல்டு வரிசைக்கு வேறு குறி: 1 மேல் ஃபீல்டு முதலில், 6 கீழ் ஃபீல்டு முதலில். எம்கேவியின் விதிமுறையாக 2024இல் வெளியான ஆர்எஃப்சி 9559 ஆவணத்தில் இவை விளக்கமாக உள்ளன. இரண்டு சீட்டும் ஒன்றையே சொன்னால் சிக்கல் இல்லை. முரண்பட்டால் எதை நம்புவது என்று ஒவ்வொரு பிளேயரும் தன் போக்கில் முடிவெடுக்கும். என்னிடம் இருந்த ஒரு மீடியா பெட்டி கன்டெய்னர் சொல்வதை மட்டுமே நம்பியது. கணினியிலோ டீஇன்டர்லேஸ் அமைப்பை (பின்னிய ஃபீல்டுகளைப் பிரித்துச் சீப்பைப் போக்குவது) நானே எப்போதோ அணைத்து வைத்திருந்தேன். எம்கேவிடூல்நிக்ஸில் தலைப்புத் தகவலைத் திருத்தும் பகுதிக்குப் போய்க் குறியை 1 ஆக்கினேன். சில நொடி வேலை, வீடியோவைத் தொடுவதே இல்லை. அந்தப் பெட்டியில் ஊஞ்சல் கயிறு நேரானது.

ஆனால் சீட்டைத் திருத்தும் முன் உண்மை எது என்று தெரிந்தாக வேண்டும். மீடியாஇன்ஃபோ சொல்வதும் சீட்டில் எழுதியிருப்பதைத்தான். படத்தையே அளந்து பார்ப்பது எஃப்எஃப்எம்பெக்கின் ஐடெட் ஃபில்டர். ஆயிரம் ஃபிரேம் ஓட்டினால் மேல் ஃபீல்டு முதலில் இத்தனை, கீழ் ஃபீல்டு முதலில் இத்தனை, புரோகிரசிவ் இத்தனை, தீர்மானிக்க முடியாதவை இத்தனை என்று கணக்குக் கொடுக்கும். அதில் பல ஃபிரேம்களைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும் வரிசையையே நான் நம்புகிறேன். ஓர் எச்சரிக்கை: அசையாத காட்சியில் இரண்டு ஃபீல்டுக்கும் வேறுபாடே இருக்காது. தொடக்கத்தில் வரும் பெயர்ப் பலகையிலோ இருட்டிலோ சோதித்தால் விடை தவறாகவே வரும். ஓட்டமும் ஆட்டமும் உள்ள இடத்திலிருந்து தொடங்கச் சொல்லிச் சோதியுங்கள்.

ஃபீல்டு வரிசை தவறினால் வரும் கோளாறு வேறு முகம் கொண்டது. மினிடிவி கேசட் எப்போதும் கீழ் ஃபீல்டு முதலில். ஏவிசிஎச்டி கேமராக்களும் 1080 வரி எச்டிவியும் மேல் ஃபீல்டு முதலில். ஒருமுறை கேசட்டிலிருந்து எடுத்த ஒரு கோப்புக்கு மேல் ஃபீல்டு என்று குறித்துவிட்டேன். சீப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் ஓடி வரும் பிள்ளையின் உடம்பு முழுக்க நடுங்கியது, பார்க்கப் பார்க்கத் தலைவலி. காரணம் எளிது: 1, 2, 3, 4 என்று வர வேண்டிய ஃபீல்டுகள் 2, 1, 4, 3 என்று வந்தன. கண்டுபிடிக்க நல்ல வழி, ஒவ்வொரு ஃபீல்டும் தனி ஃபிரேமாக வரும்படி, நொடிக்கு 50 ஆக டீஇன்டர்லேஸ் செய்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்ப்பது. கை ஒரே திசையில் போனால் வரிசை சரி. ஒன்று பின்னே, மூன்று முன்னே என்று தாவினால் தவறு. இந்தச் சோதனை என்னை ஒருமுறையும் ஏமாற்றியதில்லை.

ஏவிசிஎச்டி கோப்புகளுக்குத் தனிப் பாடு உண்டு. அவை பயன்படுத்தும் எச்264 என்ற சுருக்க முறையில் இன்டர்லேஸ் படத்தை இரண்டு விதமாக வைக்கலாம்: இரண்டு ஃபீல்டையும் ஒரே ஃபிரேமாகப் பின்னி வைப்பது, அல்லது ஒவ்வொரு ஃபீல்டையும் தனிப் படமாக வைப்பது. என் கேமரா இரண்டாவது வகை. நான் முதலில் பயன்படுத்திய ஒரு பழைய ரீமக்ஸ் கருவி ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேம் என்று எண்ணிவிட்டது. நொடிக்கு 25 இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று எழுதியது. படம் திக்கித் திக்கி ஓடியது, ஒலி விலகியது. இதையும் இன்டர்லேஸ் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் டீஇன்டர்லேஸ் ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கோளாறு இருந்தது நேரக் குறியீட்டில். மீடியாஇன்ஃபோவில் ஃபீல்டுகள் பிரித்து வைக்கப்பட்டுள்ளன என்ற வரியைப் பார்த்தால் உஷாராகிவிடுங்கள். எம்கேவிடூல்நிக்ஸில் ஃபிரேம் கால அளவைக் கையால் கொடுக்கும் இடம் உண்டு. அதில் 50 இன்டர்லேஸ் என்றே கொடுக்க முடியும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சீப்பு எல்லா ஃபிரேமிலும் வராமல் விட்டுவிட்டு வந்தால் டெலிசினியாக இருக்கலாம். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள திரைப்படத்தை என்டிஎஸ்சி என்ற வேறொரு தொலைக்காட்சி முறையின் 59.94 ஃபீல்டுக்கு நீட்டும்போது, ஐந்து ஃபிரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டு சீப்போடும் வரும். எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதற்கு டீஇன்டர்லேஸ் மருந்தல்ல. பிரிந்த ஃபீல்டுகளை ஃபீல்டுமேட்ச் ஃபில்டரால் ஜோடி சேர்த்து, மிகையான ஐந்தாவது ஃபிரேமை டெசிமேட் ஃபில்டரால் நீக்கினால் பழைய 24 அப்படியே திரும்பக் கிடைக்கும். பால் டிவிடிகளில் நேர்மாறான தொல்லை: படம் முழுக்கப் புரோகிரசிவ், சீட்டு மட்டும் இன்டர்லேஸ். தானியங்கி டீஇன்டர்லேஸ் இதைப் பிடித்துத் தேவையில்லாமல் அரைத்து, மெல்லிய கோடுகளை மினுமினுக்க வைக்கும். ஐடெட் கணக்கில் புரோகிரசிவ் எண் மிகுந்தால் குறியை 2 ஆக்கி விட்டுவிடுவேன்.

இத்தனையும் சரிசெய்யக் கூடியவை. சரிசெய்ய முடியாத ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். இடம் மிச்சமாகட்டும் என்று, தொடக்க நாட்களில் இரண்டு கேசட்டுகளை டீஇன்டர்லேஸ் செய்யாமலேயே 576 வரியிலிருந்து 480 வரிக்குச் சுருக்கி என்கோட் செய்து, மூலக் கோப்புகளை அழித்தேன். மினிடிவி மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும். அன்றைக்கு அது பெரிய அளவாகத் தோன்றியது. சுருக்கும்போது ஒரு ஃபீல்டின் வரி அடுத்ததன் வரியோடு கலந்து கரைந்துவிடுகிறது. பிறகு எந்த ஃபில்டராலும் பிரித்தெடுக்க முடியாது. ஒரு கேசட்டை மறுபடி ஓட்டிப் பதிந்துகொண்டேன். இன்னொன்றில் நாடா பழுதாகி நடுவில் பதினைந்து நிமிடம் கட்டம் கட்டமாக உடைந்து வருகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இன்று என்னிடம் இருப்பது சீப்பு கரைந்த நகல் மட்டும்தான். அதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது.

அதனால் மூலத்தை இன்டர்லேஸாகவே, ரீமக்ஸ் வடிவில், சரியான சீட்டோடு வைத்திருக்கிறேன். பிறருக்குக் கொடுக்க மட்டும் டீஇன்டர்லேஸ் செய்த தனி நகல். அதற்கு எஃப்எஃப்எம்பெக்கின் டீஇன்டர்லேஸ் ஃபில்டர்களில் பிடபிள்யூடிஃப் எனக்குப் பிடித்தது. எதுவும் சொல்லாமல் விட்டாலே ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம், நொடிக்கு 50 என்று தந்துவிடும். யாடிஃப் வேகமானது, ஆனால் இயல்பிருப்பில் 25 மட்டுமே தரும், அசைவின் வழுக்கல் பாதி போய்விடும். நேரம் இருந்தால் க்யூடிஜிஎம்சி என்ற வேறொரு டீஇன்டர்லேஸ் கருவி. மிக மெதுவாக ஓடும், ஆனால் ஊஞ்சல் கயிறு, கூந்தல், ஜன்னல் கம்பி போன்ற மெல்லியவற்றில் அதன் கைத்திறம் தெரியும். ஓரங்களை வெட்டுவதாக இருந்தால் முதலில் டீஇன்டர்லேஸ், பிறகு வெட்டு. மேலே ஒற்றைப்படை எண்ணில் வரி வெட்டினால் ஃபீல்டு வரிசையே தலைகீழாகிவிடும்.

ஒரு கோப்பு மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. என்டிஎஸ்சியில் எடுத்ததை யாரோ பாலுக்கு மாற்றித் தந்த பதிவு. மாற்றும்போது அடுத்தடுத்த ஃபீல்டுகளை ஒன்றோடொன்று குழைத்திருக்கிறார்கள். டீஇன்டர்லேஸ் செய்தால் சீப்பு போய்விடுகிறது, ஆனால் ஒவ்வொரு கையசைவிலும் பேய் போல் இரண்டாவது கை ஒன்று மங்கலாகத் தெரிகிறது. அதைத் தொடாமல் ரீமக்ஸ் மட்டும் செய்து, குறியைச் சரிபார்த்து வைத்துவிட்டேன். அசல் என்டிஎஸ்சி நாடா எங்காவது பெட்டியில் இருக்கிறதா என்று உறவினர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.