இறால் குஞ்சுக்கு வெளி லேபில் பிசிஆர்: ஐந்துக்கு மூன்றரை

ஹேட்சரிக்காரர் (குஞ்சு பொரிப்பகத்துக்காரர்) கையில் கொடுக்கிற பிசிஆர் ரிப்போர்ட், அதாவது கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்று தேடிப் பார்த்த ரிப்போர்ட், போதாதா, தனியாக வேறு காசு செலவழிக்கணுமா என்று வனாமி இறால் குஞ்சைக் குளத்தில் விடுகிறவர்கள் கேட்கிறார்கள். செலவழிக்கணும். தாய் இறால் எஸ்பிஎஃப், சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்துத்தான் விட்டார்கள், எல்லாம் சரி. ஆனால் எஸ்பிஎஃப் என்றால் குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லை என்பது மட்டும்தான், இனி வராது என்று அல்ல. ஹேட்சரிக்கு வந்த பிறகு அந்தத் தாய்க்கு உயிருள்ள பாலிகீட் புழுவைத் தீனியாகப் போட்டால் இறாலை வளரவிடாத இஎச்பி என்ற ஒட்டுண்ணி அதன் வழியாகவே உள்ளே வந்துவிடலாம்.

நான் கொடுத்தது ஒரு தனியார் லேப். சாம்பிள் எடுத்த விதத்தில் குறையே இல்லை. 150 குஞ்சு கேட்டார்கள், இவ்வளவு எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள், நூற்றில் இரண்டு குஞ்சுக்குத்தான் நோய் என்றாலும் அதை 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறக்குறைய அத்தனை வேண்டும். எத்தனாலில் போட்டு, கொஞ்சம் வளர்ந்த குஞ்சு என்பதால் கண்ணைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் டிஎன்ஏ பிரித்தார்கள். கண்ணில் இருக்கிற ஏதோ ஒன்று பிசிஆரைத் தடுத்து, நோய் இருந்தாலும் நெகட்டிவ் காட்ட வைத்துவிடும்.

மார்க் குறைத்தது ரிப்போர்ட்டுக்கு. வெள்ளைப்புள்ளி (இறாலைக் கொல்லும் வைரஸ் நோய்) நெகட்டிவ், இஎச்பி நெகட்டிவ், இரண்டே வரி. எந்த முறையில் பார்த்தார்கள் என்று இல்லை. பழைய எஸ்எஸ்யு முறை இஎச்பிக்குச் சொந்தக்காரக் கிருமிகளையும் இஎச்பி என்றே காட்டும் என்பதால், தாய்லாந்து விஞ்ஞானிகள் 2016இல் எஸ்டபிள்யுபி என்ற முறையை, யார் வேண்டுமானாலும் படித்துச் செய்துகொள்ளும்படி வெளியிட்டார்கள். இஎச்பிக்கு நம்பகமான மருந்து கிடையாது, இறால் வளராமல் தீவனம் மட்டும் கரையும், அதனால் இதைக் கேட்காமல் விடக்கூடாது.

பாசிட்டிவ் வந்தால் அந்தக் குஞ்சையோ தண்ணீரையோ கழிமுகத்தில் திறந்துவிடாதீர்கள், ப்ளீச்சிங் போட்டு முடித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் லோகன் ஆற்றுப் பண்ணைகளில் 2016இல் வெள்ளைப்புள்ளி வந்தது, பிறகு பக்கத்து மோர்ட்டன் விரிகுடாவின் காட்டு இறாலிலும் நண்டிலும் அதைக் கண்டார்கள், அங்கே மீனவர்கள் வேகவைக்காத இறாலை அந்தப் பகுதிக்கு வெளியே கொண்டுபோகவே கட்டுப்பாடு வந்தது.

அந்த லேபுக்கு மறுபடி போவேனா? போவேன், முறையின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதித் தர ஒத்துக்கொண்டால்.