பழைய லேப்டாப்பில் டெபியன் 13

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை என் 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அதில் மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஏபிடி 3.0. நிறுவப்போகும் மென்பொருள் பொதிகள் பச்சையிலும் நீக்கப்போகிறவை சிவப்பிலும் நெடுவரிசைகளாக வருகின்றன. அரைத்தூக்கத்தில் என்டர் தட்டுகிற என் போன்றவர்களுக்கு அந்தச் சிவப்பு அவசியம்தான். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 6.12, டெஸ்க்டாப் திரைக்கு க்னோம் 48, அதெல்லாம் சரி.

கவனிக்க வேண்டியது தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் ஃபோல்டர் (/tmp). அது இப்போது டிஸ்கில் இல்லை, ரேமில். பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும்; ரீபூட் செய்தால் காலி. என்னைப் போல 4 ஜிபி வைத்திருப்பவர்கள் அங்கே பெரிய வீடியோவைப் போட்டு வெட்டாதீர்கள். பிடிக்கவில்லையா, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அந்த மவுண்ட்டை (tmp.mount) மாஸ்க் செய்து, அதாவது முடக்கிவிடலாம்.

அப்புறம், 32 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கு இனி இன்ஸ்டாலரே கிடையாது. அப்படிப் பழைய 32 பிட் நெட்புக் வைத்திருப்பவர்கள் டெபியன் 12-லேயே இருந்துவிடுங்கள்.