கிளைம் மறுக்கப்பட்டால்: இன்சூரன்ஸோடு வாதாடுவதா, கேரியரைப் பிடிப்பதா?

வழியில் உடைந்துபோன சரக்குக்கு இழப்பீடு கேட்டால், சில வாரங்களில் மறுப்புக் கடிதம் வருகிறது. பலர் கோபத்தில் நாலு வரி பதில் எழுதுகிறார்கள், அல்லது போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் அந்தக் கடிதத்தில் எந்தக் காரணம் எழுதியிருக்கிறது, பாலிசியின் எந்தப் பிரிவைக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தப் பக்கம் போவது என்பதை அதுதான் முடிவு செய்யும். பிரிவு எண்ணே இல்லையென்றால் முதல் வேலை அதை எழுத்தில் கேட்டு வாங்குவது.

நம் முன் இருப்பவை நான்கு: இன்சூரன்ஸ் கம்பெனியிடமே மறுபரிசீலனை, சரக்கை ஏற்றிவந்த கேரியர் மீது கிளைம், குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்), கோர்ட். உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

அடிக்கடி வரும் காரணம் “பேக்கிங் போதாது”. இதைக் கேட்டதும் பலர் வாயடைத்துப் போகிறார்கள், போக வேண்டியதில்லை. கடல் சரக்குக் காப்பீட்டில் உலகெங்கும் பயன்படும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸஸ் என்ற பொது நிபந்தனைத் தொகுப்பின் 2009 பதிப்பில், 4.3 பிரிவு எல்லாப் பேக்கிங் குறையையும் விலக்கவில்லை. விலக்கு பொருந்த, பேக்கிங்கைக் காப்பீடு எடுத்தவரோ அவருடைய ஊழியரோ செய்திருக்க வேண்டும், அல்லது காப்பீடு தொடங்கும் முன்பே அது முடிந்திருக்க வேண்டும். தனி ஒப்பந்ததாரர் “ஊழியர்” கணக்கில் வரமாட்டார். அதோடு, பயணத்தின் சாதாரண அதிர்வுகளைத் தாங்காத பேக்கிங்தான் குறை. ஃபோர்க்லிஃப்டிலிருந்து பெட்டி கீழே விழுந்தது சாதாரண அதிர்வு ஆகாது. பெட்டியின் நசுங்கிய மூலையைக் காட்டும் படம், சுயேச்சையான சர்வேயரின் அறிக்கை இரண்டும் கையில் இருந்தால் மறுபரிசீலனைக்கு உயிர் உண்டு.

இங்கே கேரியர் பக்கம் போவதால் பெரிய லாபமில்லை. கடல் கேரியரின் பொறுப்பை வரையறுக்கும் ஹேக்-விஸ்பி விதிகளில் “பேக்கிங் போதாமை” கேரியருக்கும் ஒரு தற்காப்பு. இன்சூரன்ஸ்காரர் சொன்ன அதே வாதத்தை அவரும் சொல்வார்.

காரணம் “தாமதத்தால் வந்த சேதம்” என்றால் கதை தலைகீழ். தாமதத்தை அதே கார்கோ கிளாஸஸின் 4.5 பிரிவு நேரடியாகவே விலக்குகிறது; மறுபரிசீலனையில் மோதிப் பயனில்லை. விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையோ தாமதத்துக்குக் கேரியரைப் பொறுப்பாக்குகிறது. “எங்களிடம் தாமதமாகச் சொன்னீர்கள்” என்பது மறுப்பானால், அது உங்களுக்கும் இன்சூரன்ஸுக்கும் இடையிலான விஷயம். கேரியர் மீதான உரிமையை அது தொடாது.

யார் நிரூபிக்க வேண்டும் என்பதும் பாலிசியைப் பொறுத்தது. கார்கோ கிளாஸஸில் பரந்த பாதுகாப்பு தரும் ‘ஏ’ வகையில் பயணத்தின்போது தற்செயலாகச் சேதம் நேர்ந்தது என்று நாம் காட்டினால் போதும், விலக்கு பொருந்துகிறது என்பதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். குறுகிய ‘சி’ வகையில் தீ, கப்பல் தரைதட்டுவது, மோதல் என்று பட்டியலில் உள்ள ஆபத்து நேர்ந்ததை நாம் காட்ட வேண்டும். வெறும் ‘சி’ எடுத்துவிட்டு கையாளும்போது உடைந்த கண்ணாடிக்கு வாதாடுவது நேர விரயம். கேரியரிடம் போங்கள்.

ஆனால் கேரியர் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு, கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது. 40 கிலோ எடையுள்ள ஒரே பெட்டியில் விலை உயர்ந்த கருவி ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஆக 1,040. கடலில் ஹேக்-விஸ்பி பொருந்தினால் பெட்டிக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2, எது அதிகமோ அது, இங்கே 666.67. சாலைச் சரக்குக்கான சி.எம்.ஆர். உடன்படிக்கை பொருந்தும் சர்வதேசப் பயணத்தில் கிலோவுக்கு 8.33, அதாவது 333 சொச்சம். கனமான, மலிவான சரக்கென்றால் இந்த வரம்புக்குள்ளேயே முழு நஷ்டமும் அடங்கலாம். இலேசான, விலை உயர்ந்த பொருளுக்கு இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.

கெடு விஷயத்தில் கடலும் வானமும் ஒன்றல்ல. வெளியே தெரியாத சேதத்தைக் கடல் கேரியரிடம் 3 நாளில் எழுத்தில் சொல்லத் தவறினால், சரக்கு நல்லபடியாக வந்தது என்ற அனுமானம் எழும். அதை முறியடிக்கலாம், வழக்குக்கு 1 ஆண்டு இருக்கிறது. விமானத்தில் சேதத்தை எழுத்தில் சொல்ல 14 நாள் தாண்டினால், கேரியரின் மோசடி தவிர, வழக்குக்கே இடமில்லை. இன்சூரன்ஸ் பதிலுக்காகக் காத்திருக்கையில் இந்தக் கெடு நிற்காது. அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் கேரியருக்கு நோட்டீஸ் அன்றே போக வேண்டும் என்பேன்.

குறைதீர்ப்பாளர் பெரும்பாலும் செலவில்லாத வழி. ஆனால் முதலில் கம்பெனியிடம் முறையிட்டிருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை, பெரிய வணிகக் கிளைம்களை ஏற்காத அமைப்புகளும் உண்டு. பாலிசி வாசகத்தின் பொருளே சர்ச்சை, தொகையும் பெரிது என்றால் மட்டும் கோர்ட்.

இடையில் கேரியர் சிறு தொகை நீட்டி, “முழுமையான, இறுதியான தீர்வு” என்ற தாளில் கையெழுத்து கேட்கலாம். மறுபரிசீலனை முடியும் வரை போடாதீர்கள். இழப்பீடு கொடுத்தபின் கேரியரிடம் வசூலிக்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வருகிறது. அதைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது என்று கார்கோ கிளாஸஸின் 16-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் போட்ட கையெழுத்து அந்த உரிமையை அடைத்துவிட்டால், அடுத்த மறுப்புக்கு அவர்களுக்கு அதுவே காரணமாகும்.