காந்தி ரோட்டுச் சந்தில் ஒரு காட்டு அலமாரி

வேலூரில் காடு, பறவை, சுற்றுச்சூழல் பற்றி ஒரு புத்தகம் வாங்க வேண்டுமென்றால் புதுப் புத்தகக் கடைகளை நம்பிப் பயனில்லை. நீட் கைடு, குரூப் ஃபோர் கைடு, அப்புறம் சமையல், ஜோதிடம், அவ்வளவுதான். புத்தகத் திருவிழா நடக்கிற நாட்களில் ஆசை தீர வாங்கலாம். மற்ற நாளில் ஆன்லைனில் முழு விலை கொடுக்க வேண்டியதுதான் என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பழைய புத்தகக் கடையைப் பற்றி எழுதுகிறேன்.

பெயர்ப்பலகை கிடையாது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே காந்தி ரோட்டில் லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கும் வங்காளச் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே சந்து ஒன்று உள்ளே போகும். அதில் மாடிப்படி ஏறினால் கடை. "பழைய புக்கு பாய் கடை" என்று லாட்ஜ் வாட்ச்மேனிடம் கேட்டால் கை காட்டிவிடுவார். உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது பக்கச் சுவரில் ஓர் அலமாரி முழுக்க இயற்கைப் புத்தகங்கள். நெற்றியில் சாக்பீஸால் "காடு" என்று எழுதியிருக்கிறார் பாய். கடலாமை, தேனீ, காளான் எல்லாம் அந்தக் காட்டுக்குள்தான்.

இந்த ஊரில் இவ்வளவு எப்படிச் சேர்ந்தது என்று கேட்டேன். "ஊர் ஊரா வந்து போறாங்க சார், இன்னா எடுத்துட்டுப் போவாங்க, மருந்தத் தவிர?" என்றார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெறும் டாக்டர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது அட்டைப்பெட்டிக் கணக்கில் வருகிறது. வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் கொல்கத்தா, டாக்கா குடும்பங்கள் படித்து முடித்ததை அறையிலேயே விட்டுப் போகின்றன. காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிப் பசங்கள் செமஸ்டர் முடிந்ததும் மூட்டையாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆக, மேல் தட்டில் இங்கிலாந்துப் பூச்சிகள் பற்றிய கனத்த புத்தகம் இருக்கும், அதற்குக் கீழே அட்டையில் சுந்தரவனப் புலி உறுமும் வங்காளப் புத்தகம் இருக்கும். வங்காளத்தில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அலையாத்திக் காட்டுப் படங்களுக்காக அப்படி ஒன்றை 30 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

பறவைக் கையேடுகள்தான் இந்தக் கடையின் பலம். பறவையியலாளர் சலீம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் முதலில் வந்தது. இங்கே கிடைப்பதெல்லாம் அதன் பிந்தைய பதிப்புகள். பழசு என்று பாய் கூடுதலாகக் கேட்பதில்லை, நைந்திருந்தால் குறைக்கவும் செய்வார். புதிதாகப் பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். காரணம், பறவையின் அளவை அவர் சொல்லும் விதம். சிட்டுக்குருவி, மைனா, காக்கை, பருந்து என்று நமக்குத் தெரிந்த பறவையை வைத்து, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டுவிடுவார். மைனா போட்டுக் கூட்டல் குறி என்றால் மைனாவைவிடக் கொஞ்சம் பெரிசு. கோட்டை அகழிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துக் கல்லில் இறக்கையை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகத்தைப் பார்க்கும்போது 51 சென்டிமீட்டரா 63 சென்டிமீட்டரா என்று யாருக்குத் தெரியும்? காக்கையைவிடப் பெரிசா சின்னதா என்பது தெரியும்.

வெள்ளைக்கார டாக்டர்கள் விட்டுப்போன பெரிய கையேடுகளும் உண்டு. படங்கள் பிரமாதம். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் ஒரே புத்தகத்தில் அடைத்ததால் ஆயிரத்துக்கு மேல் பறவைகள். அமிர்திக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் இமயமலைக் குருவிகளைப் பக்கம் பக்கமாகத் தள்ளித்தான் நம்ம ஊர்ச் சின்னானைப் பிடிக்க வேண்டியிருக்கும். மஞ்சள் தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை. தென்னிந்தியாவின் பாறைக் கரடுகளையும் முள்காட்டையும் விட்டு வேறெங்கும் வாழாது. உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பறவைக்குப் பெரிய கையேட்டில் நாலு வரி. வீட்டில் வைத்துப் பார்க்க வாங்கலாம், தோளில் மாட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. கையேடு வாங்கும்போது படத்தாள்களைக் கட்டாயம் புரட்டிப் பாருங்கள். நான் வாங்கிய ஒரு பிரதியில் மீன்கொத்திகள் இருக்க வேண்டிய தாள் பிளேடால் சுத்தமாக அறுக்கப்பட்டிருந்தது. ஏதோ ஒரு குழந்தையின் பள்ளி ப்ராஜெக்டில் அது ஒட்டப்பட்டு மார்க்கும் வாங்கியிருக்கும். கொண்டுபோய்க் காட்டினேன். பாய் பேசாமல் 80 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தையும், "மீதி குருவிங்க கீதில்ல, வச்சுக்க சார்" என்று என்னிடமே தந்துவிட்டார்.

தமிழ்ப் பகுதி கடைசித் தட்டில். குனிந்து, கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். இது எனக்குப் பெரிய குறை. அளவிலும் குறைவு. ஆனால் நல்லது சிக்கும். மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் எடுத்துவிடுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் கிருஷ்ணன். 1950-லிருந்து 1996-ல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், தமிழிலும் இப்படி எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. 'ஐயோ பாவம் இயற்கை' என்று கண்ணைக் கசக்காத எழுத்து. பார்த்ததைச் சொல்வார், ரசித்ததைச் சொல்வார், பிடிக்காததையும் சொல்வார்.

இன்னொன்று புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த்தின் புலி நூலைப் பாஸ்கரன் தமிழாக்கிய 'கானுறை வேங்கை'. அதில் எனக்குப் பிடித்தது கணக்கு. ஒரு புலிக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 50 இரை வேண்டும். அந்த 50 போனாலும் குறையாமல் இருக்க, காட்டில் சுமார் 500 இரைவிலங்குகள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். ஒரே ஒரு புலிக்கு. நம்ம ஜவ்வாது மலையை மனசில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புலியை யார் விரட்டினார்கள் என்ற கேள்வியைவிட மான் எங்கே போனது என்ற கேள்விதான் முதலில் வரும். புகைப்படத்துக்காகப் புலிப் புத்தகம் வாங்குகிறவர்கள் இதையும் வாங்கலாம், படம் குறைவானாலும்.

வேட்டைக் கதைகள் ஏராளம். ஆட்கொல்லிப் புலி, ஆட்கொல்லிச் சிறுத்தை, பயங்கரக் கரடி. விற்பனை அதில்தான் என்கிறார் பாய். எனக்கு இரண்டு படித்ததும் அலுத்துவிட்டது. மரத்தின் மேல் பரண், கீழே கட்டிய கன்றுக்குட்டி, இருட்டில் ஒரு சலசலப்பு. அடுத்த தட்டுக்குப் போங்கள்.

இனி, யாரும் சொல்லாத பகுதி. எதிர்ச் சுவரில், கைடுகளுக்கு நடுவே, சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் விற்றுவிட்டுப் போன சுற்றுச்சூழல் சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்திலேயே எல்லாப் பட்டப் படிப்புக்கும் கட்டாயமான சுற்றுச்சூழல் பாடப் புத்தகங்கள். பாய் இவற்றைக் "காடு" அலமாரியில் சேர்க்க மாட்டேன் என்கிறார், பரீட்சை நேரத்தில் தேடி வருகிறவர்களுக்கு எதிரிலேயே இருக்க வேண்டுமாம். எந்தச் சட்டப் புத்தகத்தைப் பிரித்தாலும் நம்ம ஊர் வரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கு, உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் சொன்ன தீர்ப்பு. மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவைக் கொடுக்க வேண்டும் என்ற விதியும், கேடு வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற விதியும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது இந்த வழக்கில்தான். பாலாற்றங்கரைத் தோல் தொழில் அதற்குக் காரணம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர், தோல் தொழில் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ பாழ் என்று தீர்ப்பிலேயே வருகிறது. அப்போது போட்ட அபராதம் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, ஒன்றுக்கு 10,000 ரூபாய். இந்தச் சட்டப் புத்தகங்களில் ஒன்றை வாங்கிக் கதைப் புத்தகத்தைவிட வேகமாகப் படித்து முடித்தேன். விலை 60 ரூபாய், ஓரங்களில் யாரோ ஒரு மாணவியின் அழகான கையெழுத்துக் குறிப்புகள் இலவசம்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் வேலை பார்க்கிறவன். அதனால் பாடப் புத்தகங்களைக் கொஞ்சம் கடுமையாகத்தான் பார்ப்பேன். எல்லாவற்றிலும் "தோல் தொழிற்சாலை என்றால் குரோமியம்" என்று ஒரு வரி, ஒரு நுரை பொங்கும் வாய்க்கால் படம். குரோமியம் விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு மலையாகக் கிடந்ததை ஊரே அறியும். ஆனால் தோல் ஷாப் தண்ணீரில் வரும் குரோமியத்தைச் சுண்ணாம்பு போட்டுக் கசடாகக் கீழே இறக்கிவிடலாம். உப்பு இறங்காது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அப்பிய உப்பு, கழுவிய தண்ணீரோடு கரைந்து வந்துவிடும். அதை எடுக்க ஆர்.ஓ. போட்டு, மிஞ்சிய தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்ற வைக்க வேண்டும். எவ்வளவு கரண்ட், எவ்வளவு காசு! இங்கே கிணறுகள் கரித்துப் போனதற்கும் தென்னை நுனி கருகியதற்கும் அந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. நான் புரட்டிய பாடப் புத்தகங்களில் ஒன்றுகூட உப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கவில்லை. பரீட்சைக்கு வாங்கலாம், விஷயத்துக்கு வேண்டாம்.

இரண்டு சுவரிலிருந்தும் வாங்கிப் படித்தால்தான் ஒரு விஷயம் பிடிபடும். "காடு" அலமாரியில் நீலகிரி, பழனி மலைச் சோலைகள் பற்றிய நூல்கள் இருக்கின்றன. எல்லாமே புல்வெளியைச் சீகை மரம், அதாவது வாட்டில், விழுங்கிய கதையைச் சொல்லி வருந்துகின்றன. நியாயமான வருத்தம். அந்த மரத்தை ஏன் நட்டார்கள்? விறகுக்கும், அதைவிட அதன் பட்டையில் தோல் பதனிடவும். குரோமியம் வருவதற்கு முன்னால் நம்ம பக்கத்துத் தோலெல்லாம் ஆவாரம்பட்டையில் ஊறியது. கரட்டில் தானாக வளரும் செடி, மஞ்சள் பூ. பட்டையில் ஊறித் தோலாக வாரக்கணக்கில் ஆகும். தொழில் பெருகியது, ஆவாரம் போதவில்லை, வாட்டில் பட்டை வந்தது. குரோமியத்தில் ஒரு நாளில் வேலை முடியும் என்றதும் அதுவும் பின்னுக்குப் போனது. மலை உச்சியில் புல் போனதும் அடிவாரத்தில் ஆறு போனதும் தோல் ஊறும் ஒரே தொட்டியைச் சுற்றி நடந்த கதை. சோலை பற்றி எழுதுகிறவர் தோல் தொட்டி வரைக்கும் இறங்கி வருவதில்லை, சட்டம் எழுதுகிறவர் மலை ஏறுவதில்லை. இரண்டையும் இணைத்து எழுதிய ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தால் முழு விலைக்கே வாங்குவேன், பாயிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த அலமாரியின் பெரிய ஓட்டையும் அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை, சுந்தரவனம், ஆப்பிரிக்கா எல்லாம் உண்டு. ஏலகிரி, ஜவ்வாது, பாலாற்று மணல், நம்ம ஏரிகள் எதுவும் இல்லை. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுதினால்தானே வரும்.

விலை விஷயம். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருப்பார். தமிழ் 30-லிருந்து 100, ஆங்கிலக் கையேடுகள் 80-லிருந்து 400 வரை. பேரம் பேசலாம், மூன்றாவது புத்தகத்தில் இருந்து தானாகவே இறங்கி வருவார். படித்துவிட்டுக் கிழிக்காமல் கொண்டுவந்தால் பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். ஜிபே உண்டு, ஆனால் சந்தில் சிக்னல் கிடைக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயில் புத்தகத்துக்கு ஒரு விதத்தில் நல்லது, பூஞ்சை பிடிக்காது. ஆனால் ஒட்டிய அட்டைகளின் பசை அப்பளமாகக் காய்ந்துபோகும். புத்தகத்தை விரித்துப் பார்க்கும்போது நடுமுதுகைப் பாருங்கள், பட்டென்று சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள். தைத்த கட்டுதான் இந்த ஊருக்கு நிற்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் மதியம் போகாதீர்கள். ஓட்டுக்கூரை, ஒரே ஃபேன், அதுவும் பாயின் பக்கம் திரும்பியிருக்கும். காலையில் கடை திறக்கும் நேரம் அவர் மனசைப் பொறுத்தது. பதினொன்றுக்கு மேல் போனால் உறுதி. வெள்ளிக்கிழமை தொழுகைக்காக மதியம் மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடமே கிடையாது, பைக்கைக் கோட்டைப் பக்கம் விட்டுவிட்டு நடந்து வருவது உத்தமம். வேண்டிய புத்தகத்தின் பேரை ஒரு நோட்டில் எழுதி, போன் நம்பரும் கொடுத்துவிட்டு வரலாம். வந்ததும் கூப்பிடுவார், ஒரு வாரம் எடுத்து வைப்பார்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுப்பேன். தமிழ்த் தட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் மீதியில் பாதியையும் கொடுத்துவிடலாம். அப்புறம், போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுச்சூழல் பத்திரிகையான 'பூவுலகு', சிறுவர் அறிவியல் பத்திரிகையான 'துளிர்' இவற்றின் பழைய இதழ்கள் அடித்தட்டின் வலது மூலையில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. பாதிதான் பார்த்து முடித்திருக்கிறேன், மீதியை ஒரு மாதம் விட்டு வையுங்கள்.