பெர்ட் ஜான்ஷின் முதல் ஆல்பம்: பல வருடங்கள் கேட்ட பிறகு

வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிடலாம் என்று ஸ்காட்லாந்து ஃபோக் (நாட்டுப்புற) கிட்டார் கலைஞர் பெர்ட் ஜான்ஷின் இந்த ஆல்பத்தை வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது நடக்காது. ஒரு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான். ஆனாலும் காது அதன் பின்னாலேயே போய்விடும், கை வேலை அப்படியே நிற்கும். கணக்குப் பார்க்கும் நேரத்தில் இதைப் போடுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

1965 ஏப்ரலில் வெளியான ஆல்பம். கிளாஸ்கோவில் பிறந்து எடின்பரோவில் வளர்ந்த ஜான்ஷுக்கு அப்போது வயது 21. லண்டன் கேம்டனில் ஒலிப்பதிவாளர் பில் லீடரின் வீட்டிலேயே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தார்கள். ஜான்ஷிடம் சொந்தக் கிட்டார்கூட இல்லை, இரவல் வாங்கி வாசித்தார். முடிந்த பதிவை டிரான்ஸ்அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் 100 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உருகுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. கேட்பவனுக்கு அதனால் கிடைத்த லாபம் வேறு. ஸ்டுடியோ மெருகு எதுவும் பூசாததால், நகம் தந்தியைக் கிள்ளுவதும் இடக்கை விரல்கள் தந்திமேல் உரசி நகர்வதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல் காதில் விழுகின்றன. செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கட்டைவிரல் வாசிக்கும் அடித்தந்திகள் அதில் காணாமல் போய்விடும். அதோடு பாதி இசையும் போய்விடும். சாதாரண ஹெட்போனே போதும்.

மொத்தம் 15 பாடல்கள், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் 'நீடில் ஆஃப் டெத்' பாட்டில்தான் விழுவார்கள், நானும் அப்படித்தான். ஹெராயின் பழக்கத்தில் இறந்துபோன நண்பனுக்காக எழுதிய பாட்டு அது. கனடியப் பாடகர் நீல் யங் பிற்பாடு தானே பாடிப் பதிவு செய்த அளவுக்கு அதற்குப் பெயர். இன்றைக்கும் நல்ல பாட்டுதான். ஆனால் வார்த்தைகள் மனப்பாடமான பிறகு அதில் புதிதாகத் தேட எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வார்த்தையே இல்லாத உருப்படிகள்தான் தேயாமல் நிற்கின்றன. ஒரு காலத்தில் தாண்டிப் போன 'ஆலிஸ்'ஸ் வொண்டர்லேண்ட்' இப்போது நான் அதிகம் கேட்பது. ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸின் பாதிப்பில் பிறந்தது அது. ஒரு நிமிடம்கூட ஓடாத 'ஃபிஞ்சஸ்' முடிந்ததும் கை தானாக மறுபடி பொத்தானைத் தேடுகிறது.

கடைசியில் வரும் 'ஆஞ்சி' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆல்பத்தின் பெரும்பகுதி ஜான்ஷின் சொந்தச் சரக்கு. இதுவோ ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் இயற்றியது, அவருடைய பதிவு 1962இல் வெளிவந்தது. அடித்தந்திகளில் சுரங்கள் ஏ, ஜி, எஃப், இ என்று நான்கு படிகளாக இறங்கும். கட்டைவிரல் அதை விடாமல் பிடித்திருக்க, மற்ற விரல்கள் மேலே மெட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜாஸ் கலைஞர் நாட் ஆடர்லியின் 'வொர்க் சாங்' மெட்டையும் ஜான்ஷ் நடுவில் நுழைக்கிறார். கிட்டார் பழகும் எவரும் நோட்டேஷனைப் பார்த்துச் சில மாதங்களில் இதை வாசித்துவிடலாம், நானும் வாசிக்கிறேன். சுரங்கள் எல்லாம் சரியாகவே வரும், ஜான்ஷ் மட்டும் வரமாட்டார். சில இடங்களில் அவர் தந்தியை மீட்டுவதில்லை, பிடுங்கி விடுகிறார். அது கட்டையில் அறைந்து திரும்பும் அந்தச் 'சட்'டென்ற ஓசை நோட்டேஷனைப் பார்த்து மட்டும் வந்துவிடாது. தாளத்தையும் அரை மூச்சு முந்திப் பிடிப்பார். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகர் பால் சைமன் வாசித்த இதே உருப்படியும் வெளிவந்தது. அது சுத்தமான வாசிப்பு. எனக்கு இந்த முரடுதான் வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. குரல் தட்டையானது. ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் சொற்களை மென்று விழுங்குகிறார். 'ஐ ஹாவ் நோ டைம்' போன்ற பாடல்களில் வரிகளும் இருபது வயதுக்குரிய சோகத்தைச் சற்று அதிகமாகவே சுமக்கின்றன. வயது ஏற ஏற அவற்றை நான் தாண்டிவிடுகிறேன். குரலுக்குப் பழக எனக்கு நாளானது, வீட்டில் மற்றவர்கள் இன்னும் பழகவில்லை.

தாளம் போட்டு, கூடவே பாடத் தோதான ஃபோக் இசை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. அதே 1965இல் பாடகர் டானவன் பதிவு செய்த 'டூ யூ ஹியர் மீ நவ்' அவர்களுக்கு இன்னும் பிடிக்கும். பாட்டு ஜான்ஷுடையது, டானவனின் குரல் இனிமையானது. பழைய நாட்டுப்புறப் பாடல்களை ஜான்ஷ் எப்படிக் கையாள்கிறார் என்று அறிய விரும்பினால் 1966இல் வந்த 'ஜாக் ஓரியன்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். கிட்டார் கையில் வைத்திருப்பவர்கள் 1965இன் இந்த ஆல்பத்தையே முதலில் வாங்கலாம்.