சொந்த மஜ்ஜையா, அடுத்தவர் செல்லா?

அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வயது 38. பீடியால் வந்த பியூர்கர் நோய், அதாவது கை கால் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொள்ளும் நோய்; கால் விரல் கறுத்துவிட்டது. பைபாஸ் செய்யலாம் என்றால், கணுக்காலுக்குக் கீழே தையல் போட நல்ல ரத்தக்குழாயே இல்லை. அப்புறம்தான், புது ரத்தக்குழாய் கிளைக்க ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூலச் செல்) பேச்சு வந்தது. அதில் இரண்டு வழி.

ஒன்று, சொந்த எலும்பு மஜ்ஜை. இடுப்பெலும்பில் உறிஞ்சி, செல்களைப் பிரித்து, கெண்டைக்கால் தசையில் ஊசியாகப் போடுவார்கள். அந்நியச் செல் இல்லை என்பதால் உடல் எதிர்க்காது. 2002-இல் ஜப்பானிய மருத்துவர்கள் நல்ல பலன் என்றார்கள். ஆனால் 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், 160 பேரில் பாதிப் பேருக்கு மஜ்ஜைச் செல்களைத் தமனி வழியாகவே செலுத்திப் பார்த்தும், காலை எடுக்க வேண்டிய நிலை குறையவில்லை. புகையும் சர்க்கரையும் அந்தச் செல்களையே சோர்வாக்கிவிடுகின்றன. நோயாளியின் செல்லை நம்புவதில் உள்ள சிக்கல் இதுதான்.

இன்னொன்று, ஆரோக்கியமான பலரின் மஜ்ஜையிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி, உறைய வைத்த செல்கள். நம்ம பெங்களூரு ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்ப்யூசெல் இந்த வகை. பியூர்கர் நோய்க்கு 2016-இல் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைத்தது. இந்தச் செல்கள் பெரும்பாலும் தாமே குழாயாக மாறுவதில்லை. வளர்ச்சிப் புரதங்களைச் சுரந்து, அக்கம்பக்கக் குழாய்களைக் கிளைவிடத் தூண்டுகின்றன. இடுப்பைக் குடைய வேண்டாம், செல்லின் தரமும் ஒரே சீராக இருக்கும்.

என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் எந்த ஊசி போட்டாலும் பீடியை விட்டாக வேண்டும். சரி என்று தலையாட்டிய அண்ணன், மறுநாளே மாடியில் இருமிக்கொண்டிருந்தார்.